நாலு மில்லிமீட்டர் பொய்

இரண்டு இருபது லிட்டர் தண்ணீர் கேன்கள் உத்தரத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டையும் தாங்கிக்கொண்டிருந்தது பென்சிலைவிட ஒல்லியான ஒரு கறுப்புக் குழாய்.

“அண்ணி, இது புட்டுக்கிச்சுன்னா கேன் என் கால்மேலதான் விழும்” என்றான் கொழுந்தன்.

“அதுக்குத்தான் உன்னை அங்க நிக்க வச்சேன். விழுந்தா கத்துவே. நான் இங்கேர்ந்தே தெரிஞ்சுக்குவேன்.”

அண்ணி கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நிமிடம். குழாய் அசையவில்லை. கொழுந்தனின் கால் விரல்கள்தான் செருப்புக்குள் ஒவ்வொன்றாகச் சுருண்டுகொண்டிருந்தன.

அண்ணி இருபத்திரண்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சேத மதிப்பீட்டாளராக இருந்தவள். எரிந்த குடோன், கவிழ்ந்த லாரி, ‘தானாகவே’ தண்ணீரில் விழுந்த கேமரா என்று ஊரில் உள்ள அத்தனை பொய்யையும் கைவிரலால் தட்டிப் பார்த்தவள். வேலையை விட்டதும் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். கொழுந்தன் அவள் கல்யாணத்தில் கணவரோடு இலவச இணைப்பாக வந்தவன். பஸ் கண்டக்டராக இருந்தான். பயணிகளோடு பேசிக்கொண்டே நிறுத்தங்களைக் கோட்டை விட்டதால் வீட்டுக்கு அனுப்பப்பட்டவன். அவன் வாய் ஓயாமல் ‘அண்ணி, அண்ணி’ என்று கூப்பிட்டதில் வருகிற கட்சிக்காரர்களும் அவளை அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

இன்றைய கட்சிக்காரி கம்பியக்கா. கார் நிறுத்தும் கொட்டகையைப் பட்டறையாக்கி, ரிமோட்டில் பறக்கும் குட்டி விமானங்களுக்குப் புஷ்ராடு செய்பவள்.

“புஷ்ராடுன்னா?” என்று கொழுந்தன் கேட்டிருந்தான்.

“விமானத்து வயித்துக்குள்ள ஒரு சின்ன மோட்டார் இருக்கும். வால்ல மேலயும் கீழயும் ஆடுற ஒரு மடல் இருக்கும். மோட்டார் சொல்றதை மடல் கேக்கணும். அதுக்கு நடுவுல தள்ளவும் இழுக்கவும் ஒரு கம்பி. அதான் புஷ்ராடு.”

“பேசிக்காத புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல சேதி கொண்டுபோற ஆள் மாதிரி.”

மூலையில் முகமூடியைக் கழுத்தில் தொங்கவிட்டு நின்ற கம்பியக்காவின் கணவர் திரும்பி, கொழுந்தனிடம் மெதுவாகச் சொன்னார்:

“அவகிட்ட சொல்லுங்க. தேய்ப்புத்தாள் தீர்ந்துபோச்சு.”

“அவர்கிட்ட சொல்லுங்க” என்றாள் கம்பியக்கா. “மேஜை டிராயர்ல இருக்கு. கண் இருந்தா தெரியும்.”

கொழுந்தன் வாயை மூடிக்கொண்டான். வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும் சம்பவம் அது.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை விமானச் சங்கத்தின் போட்டி. பல் டாக்டர் ஒருவருடைய விமானம், இறக்கை மட்டும் ஆறடி, உயரத்திலிருந்து தலைகீழாகப் பாய்ந்து கடைசி நொடியில் நிமிர வேண்டும். பாய்ந்தது. நிமிரவில்லை. நேராகப் போய் நடுவர்மேல் விழுந்தது. நடுவர் ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். இப்போது தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். உடைந்த விமானத்தைப் பிரித்துப் பார்த்ததில், வாலுக்குப் போகும் புஷ்ராடின் முனையிலிருந்த இரும்புத் துண்டு குழாயை விட்டுக் கழன்று கிடந்தது. குழாய் கம்பியக்கா செய்தது.

வெள்ளிக்கிழமை சங்கம் கூடுகிறது. அவளுடைய கம்பியை இனி எந்த விமானத்திலும் மாட்டக்கூடாது என்று தீர்மானம் போடப் போகிறார்கள். அந்தத் தீர்மானத்தை இணைத்து வாத்தியார் வீட்டார் போலீசில் புகார் கொடுக்கப் போகிறார்கள்.

“கம்பி செஞ்சவங்களைக் கம்பி எண்ண வைக்கப் பாக்கறாங்க” என்று கொழுந்தன் வாசலிலேயே சொல்லிவிட்டு, அண்ணியின் முழங்கையால் விலாவில் பரிசும் வாங்கியிருந்தான்.

“கேனை இறக்கு” என்றாள் அண்ணி. “அதே நாள் ஒட்டின கம்பிதானே இது?”

“அதே நாள், அதே பசை” என்றாள் கம்பியக்கா.

“எப்படி ஒட்டுவீங்க? சுருக்கமா சொல்லுங்க.”

அவள் சொல்லவில்லை, செய்து காட்டினாள். கார்பன் குழாயில் டேப் சுற்றி, ஈரத்துணிக்கு நடுவில் வைத்துச் சின்ன ரம்பத்தால் அறுத்தாள். இரும்புத் துண்டைத் தேய்ப்புத்தாளில் குறுக்கும் நெடுக்குமாக இழுத்தாள். பூனை பிராண்டியதுபோல் கீறல்கள் விழுந்தன. “வழவழன்னு இருந்தா பசை பிடிக்காது. இரும்புக்கு முகத்துல தழும்பு இருக்கணும்.” ஸ்பிரிட்டால் துடைத்தாள். இரண்டு டியூப் பசையைச் சரிசமமாகக் கலந்து, துண்டைத் தோய்த்துத் திருகியபடி உள்ளே இறக்கினாள். “ஒரு முழு நாள் தொடக்கூடாது. அவ்வளவுதான்.”

அதற்குள் கொழுந்தன் ரம்பத்தின் அடியில் கிடந்த கறுப்புத் தூளை விரலால் தொட்டு, முகர்ந்து, முழங்கையைச் சொறிந்தும் விட்டிருந்தான்.

“ஐயோ, அதைத் தொட்டீங்களா? கண்ணுக்குத் தெரியாத இழை. தோலுக்குள்ள ஏறிடும். தண்ணி ஊத்தாதீங்க, தேய்க்காதீங்க. செலோடேப்பை ஒட்டிப் பட்டுன்னு உரிங்க.”

“உரிச்சா முடியும் சேர்ந்து வருமேக்கா.”

“அப்போ ரெண்டு நாளைக்குச் சொறிங்க.”

அண்ணி வாசலுக்கு வந்ததும் கம்பியக்கா பின்னாலேயே வந்தாள். குரல் இறங்கியது.

“அண்ணி, எனக்குத் தீர்மானம்கூடப் பெரிசில்ல. அன்னிக்குப் பசை கலந்தது இவர். கலக்கும்போது போன்ல பேசிட்டிருந்தார். அளவு தப்பியிருக்குமோன்னு... கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.”

ஐந்து நிமிடம் கழித்து, ஸ்கூட்டரைத் திருப்பிவிடும் சாக்கில் கணவர் வந்தார்.

“அண்ணி, இரும்பைத் தேய்க்கறது எப்பவும் அவதான். அன்னிக்கு அவளுக்குக் காய்ச்சல். ஒண்ணை மறந்திருப்பாளோன்னு... நானும் கேட்டுட்டேன்.”

ஸ்கூட்டர் தெரு முனையைத் தாண்டியதும் கொழுந்தன் சொன்னான்: “நாப்பது கிலோவைத் தாங்கற பசை. அதைச் செஞ்ச ரெண்டு பேரையும் ஒட்ட வைக்க முடியலை.”

“வண்டியை நேரா பாத்து ஓட்டு.”

●

சங்கத்தின் செயலாளர் தொழிலால் தையல்காரர். கழுத்தில் டேப், காதில் சாக்கட்டி, முகத்தில் பதவி. ஆதாரத்தைப் பழைய பட்டன் டப்பாவில் போட்டு, சுற்றிலும் செலோடேப் ஒட்டி, டேப் மேல் நான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் யாரும் தொடக்கூடாது. சங்க விதி.”

“நான் தொடலைங்க” என்றாள் அண்ணி. “இருபத்திரண்டு வருஷமா சீல் வச்ச சாமானாப் பார்த்தவ நான். இவ்வளவு ஒழுங்கா ஒருத்தர் சீல் வச்சு நான் பார்த்ததில்ல. உள்ள எப்படி வச்சிருக்கீங்கன்னு பார்க்கணும்னு ஆசை. நீங்களே திறங்க, நீங்களே காட்டுங்க, நீங்களே மூடுங்க.”

செயலாளர் மூன்று விநாடி யோசித்தார். அதில் இரண்டு விநாடி மீசையைத் தடவுவதில் போயிற்று. கத்தரி டேப்பைக் கிழித்தது.

பஞ்சு மெத்தையில் கறுப்புக் குழாய் படுத்திருந்தது. பக்கத்தில், அதிலிருந்து கழன்ற இரும்புத் துண்டு.

அண்ணி கைப்பையிலிருந்து எஃகு ஸ்கேலை எடுத்துக் குழாயின் பக்கத்தில், தொடாமல், வைத்தாள். பிறகு கம்பியக்காவின் ஆர்டர் நோட்டைப் பிரித்தாள். டாக்டரே தன் கையால் எழுதிக் கொடுத்த அளவு இருந்தது: குழாய் நானூறு மில்லிமீட்டர்.

“ஸ்கேல்ல என்ன இருக்கு, படிங்க.”

செயலாளர் கண்ணாடியை ஏற்றினார். “முன்னூத்தித் தொண்ணூத்தாறு. நாலு மில்லிமீட்டர் கம்மி. அதனால என்ன? ஒரு தடவை துவைச்சா அவ்வளவு சுருங்கத்தான் செய்யும்.”

“இது பருத்தி இல்லீங்க.”

“அண்ணி” என்றான் கொழுந்தன், முழங்கையைத் தையல் மிஷினின் விளிம்பில் தேய்த்தபடி. “அந்த இரும்பைப் பாருங்க. முகம் பார்த்துத் தலை சீவலாம் போலிருக்கு.”

உண்மைதான். துண்டு கண்ணாடியாகப் பளபளத்தது. ஒரு கீறல் கிடையாது. பட்டறையில் கம்பியக்கா கொடுத்திருந்த இன்னொரு துண்டை அண்ணி பக்கத்தில் வைத்தாள். பூனை பிராண்டிய முகமும், பவுடர் போட்ட முகமும்.

“தேய்க்க மறந்துட்டாங்க” என்றார் செயலாளர் வெற்றியோடு. “நான் அப்பவே சொன்னேன்!”

“மறந்தா கடையில வாங்கின மாதிரி மங்கலா இருக்கும். இதை யாரோ மெனக்கெட்டு மெருகேத்தியிருக்காங்க. குழாயோட வாயைக் கொஞ்சம் வெளிச்சத்துல காட்டுங்க.”

செயலாளர் காட்டினார். உள்சுவரில் பசை ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பியக்காவின் பசை தேன் நிறம். இது வேறு. இளஞ்சிவப்பு.

அண்ணி அதைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு கொழுந்தனைப் பார்த்தாள்.

“வாயைத் திற.”

“எதுக்கு? நான் ஒண்ணும் பேசலையே!”

“பல்லைக் கழட்டு.”

கண்டக்டர் வேலையின்போது ஒரு திடீர் பிரேக்கில் கொழுந்தனின் முன்பல் ஒன்று பஸ்ஸின் இரும்புக் கம்பியோடு தங்கிவிட்டது. அந்த இடத்தில் பொய்ப்பல் ஒன்றைத் தட்டோடு மாட்டியிருந்தான். நாலு பேர் முன்னால் கழற்றுவதில்லை என்று கொள்கை. அண்ணி முன்னால் கொள்கை எடுபடாது. கழற்றினான்.

“அதை மேஜைல வைக்காதீங்க! அது மாப்பிள்ளைக் கோட்டு!” என்று செயலாளர் அலறினார்.

அண்ணி தட்டைக் கைக்குட்டையில் வாங்கிக் குழாயின் வாயருகே பிடித்தாள். ஈறு நிறத்தில் இருந்த தட்டு. ஈறு நிறத்தில் இருந்த பசை. இரண்டும் ஒரே கிண்ணத்தில் கலந்ததுபோல இருந்தன.

“பொய்ப்பல் கட்டற மாவு” என்றாள் மெதுவாக.

“ஃபல் டாஃடர்!” என்றான் கொழுந்தன், பல் இல்லாமல்.

●

பல் டாக்டரின் மருத்துவமனை ஒரு மாடியில் இருந்தது. கூடத்தில் ஆறு நாற்காலி, மீன் தொட்டி, மீன்களைவிட அதிகமாகக் குட்டி விமானப் படங்கள். டாக்டரின் மனைவிதான் அங்கே எல்லாம்: வருகிறவர்களுக்கு நம்பர் கொடுப்பது, கருவி கழுவுவது, மாவு குழைப்பது. முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். மேஜைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், ஆனால் கண் தூங்கி இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும் போல.

“என்ன தொந்தரவு?”

“தட்டு லூசாயிடுச்சு” என்றான் கொழுந்தன், முழங்கையைச் சொறிந்துகொண்டே. “பேசும்போது வெளிய வந்துடுது.”

“நிறையப் பேசுவார்” என்றாள் அண்ணி.

“சொறியாதீங்க சார்” என்றாள் அந்த அம்மாள் நம்பர் சீட்டை நீட்டியபடி. “செலோடேப் ஒட்டிப் பட்டுன்னு உரிங்க, போயிடும். எனக்கும் இப்படித்தான் இருந்தது. புதுக் கையுறை ஒத்துக்கலை.”

உள்ளே டாக்டர் உற்சாகமான ஆசாமி. கொழுந்தனை நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, திறந்த வாயைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“புதுத் தட்டுதான் போடணும். அச்சு எடுத்துடலாம்.” மனைவி குழைத்துக் கொடுத்த மாவை ஒரு தட்டில் அப்பி, கொழுந்தனின் மேல் தாடையில் அமுக்கினார். “அஞ்சு நிமிஷம் அசையக்கூடாது. பேசவும் கூடாது.”

அண்ணி கண்ணை மூடி ஒரு முறை மூச்சை இழுத்து விட்டாள். நிம்மதியாக இருந்தது. மனைவி கிண்ணத்தைக் கழுவ வாசலோரத் தொட்டிக்குப் போனாள்.

“டாக்டர், நான் கம்பியக்கா அனுப்பின ஆள்.”

உற்சாகம் இறங்கியது. “அந்தம்மா மேல எனக்கு ஒண்ணும் கோபமில்ல. நல்ல கைவேலை. ஆனா கம்பி கழண்டுடுச்சே! ஒரு மனுஷன் காலை உடைச்சுக்கிட்டுக் கிடக்கறார். நான் என்ன செய்யட்டும்?”

“உண்மையைச் சொல்லுங்க. போட்டிக்கு முன்னாடி அந்தக் குழாயை நாலு மில்லிமீட்டர் வெட்டி, இரும்பைக் கழட்டி, மெருகு போட்டு, பொய்ப்பல் மாவு வச்சு ஒட்டியிருக்கீங்க. மெருகு போட்ட இரும்புல அந்த மாவு நிக்குமா?”

“நானா?” டாக்டர் நாற்காலியின் பெடலை மிதித்துவிட்டார். கொழுந்தன் ஓரடி உயர்ந்தான். “நான் எதுக்கு வெட்டணும்? அளவு கொடுத்ததே நான்தான்!”

“குழாய் உள்ள ஈறு நிற மாவு இருக்கு. வெட்டு முகம் கத்தியால சீவின மாதிரி இருக்கு. பல் ராவற வட்டு எத்தனை பேர்கிட்ட இருக்கும்?”

“என் குழந்தைங்க மேல சத்தியமா நான் வெட்டலை.”

அண்ணி அவர் முகத்தையே பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் பொய் சத்தியம் பலவற்றைக் கேட்டிருந்தாள். இது அந்த ரகமில்லை. ஆனால் முழுசாகச் சுத்தமாகவும் இல்லை. காது மடல் சிவந்திருந்தது.

“சரி, வெட்டலை. ஞாயித்துக்கிழமை காலையில மாட்டும்போது கம்பி எட்டாம நின்னிருக்குமே. அப்போ என்ன பண்ணீங்க?”

டாக்டர் உட்கார்ந்தார். நாற்காலி இல்லாத இடத்தில் உட்காரப் போய், கடைசி நொடியில் ஸ்டூலை இழுத்துக்கொண்டார்.

“பத்துச் சுத்து” என்றார்.

“புரியலை.”

“கம்பி முனையில மரை இருக்கும். மடல் நேரா நிக்கலை. பத்துச் சுத்து வெளிய திருப்பினேன், நாலு மில்லிமீட்டர் வந்தது, சரியாப் போச்சு. அந்தம்மா அளவைத் தப்பா வெட்டிட்டாங்கன்னு நினைச்சேன்.”

“விசாரணையில ஏன் சொல்லலை?”

டாக்டர் சுவரில் இருந்த விமானப் படத்தைப் பார்த்துப் பேசினார். “கம்பி நீளம் மாறியிருந்தா அந்த விமானத்தைப் பறக்கவிடக் கூடாது. கழட்டிச் சோதிக்கணும். சங்க விதி, பதினேழாவது. அதை எழுதினதே நான்தான்.”

“உம்!” என்றது நாற்காலி.

இருவரும் திரும்பினார்கள். கொழுந்தன் வாய் நிறைய மாவோடு, கண் இரண்டும் பிதுங்க, கையால் எதையோ காட்டிக்கொண்டிருந்தான்.

“மூச்சு முட்டுதா? மூக்கால இழுங்க” என்றார் டாக்டர்.

“ம்ஹும்! உம் உம்!” அவன் தன் முழங்கையைச் சொறிந்து காட்டினான். பிறகு கண்ணுக்குத் தெரியாத ஒரு டேப்பை முழங்கையில் ஒட்டி, பட்டென்று உரித்தான். பிறகு ரம்பம் அறுப்பதுபோல் கையை முன்னும் பின்னும் இழுத்தான். கடைசியாக வாசல் பக்கம் விரலை நீட்டினான். வாழ்க்கையில் முதல்முறையாக, சொல்ல விஷயம் இருந்தும் அவனால் பேச முடியவில்லை.

அண்ணிக்கு ஒரு நொடி பிடித்தது. பிறகு புரிந்தது.

கையுறை ஒத்துக்கொள்ளாதவர்கள் களிம்பு தடவுவார்கள். மாத்திரை போடுவார்கள். செலோடேப் ஒட்டி உரிப்பது ஒரே ஒரு அரிப்புக்குத்தான்.

“அம்மா” என்றாள் அண்ணி, வாசலைப் பார்த்து. “கார்பன் தூளுக்கு டேப்தான் மருந்துன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?”

தொட்டியில் தண்ணீர் ஓடும் சத்தம் நின்றது.

டாக்டரின் மனைவி கிண்ணத்தைக் கையில் பிடித்தபடியே உள்ளே வந்தாள். “யாரும் சொல்லலை” என்றாள். “சனிக்கிழமை ராத்திரி தூக்கம் வராம நானே கண்டுபிடிச்சேன்.”

“நீயா?” என்றார் டாக்டர்.

“அந்தக் கம்பியை ஏன் சோபாவுல வச்சீங்க?” குரல் உடைந்தாலும் உரக்கத்தான் வந்தது. “சோபாவுல உட்காரத்தான் செய்வாங்க! உட்கார்ந்தேன். சடக்குன்னுது. எடுத்துப் பார்த்தா குழாய் முனையில விரிசல்.”

“சொல்லியிருக்கலாமே?”

“போன வருஷம் விமானத்துக் காத்தாடியில ஒரு இலையை ஒடிச்சேன். எட்டு நாள் என்கூடப் பேசலை நீங்க. விமானத்துகிட்ட மட்டும் பேசினீங்க. எட்டு நாள்! அதான் இங்க எடுத்துட்டு வந்தேன். விரிஞ்ச இடத்தை வட்டுல வெட்டினேன். சுடவச்சு இரும்பை இழுத்தேன். அழுக்கா, கீறலா இருந்தது. நாம எதையும் அப்படியே வைப்போமா? மெருகு போட்டேன். மாவு வச்சு ஒட்டினேன். பதினஞ்சு வருஷமா எத்தனை பேருக்குப் பல்லு ஒட்டியிருக்கேன். ஒரு குச்சி ஒட்டாதான்னு நினைச்சேன்.”

கொழுந்தனின் கடைவாயில் மாவு வழிந்தது.

“வாத்தியாரைத் தூக்கிட்டுப் போறப்பவே சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்தது. மறுநாள் சொல்லலாம்னு விட்டேன். மறுநாள் அந்தக்கா பேரு அடிபட ஆரம்பிச்சுடுச்சு. அப்புறம் எப்படிச் சொல்றது?” அவள் அண்ணியைப் பார்த்தாள். “அந்தக்கா என்னைப் பத்தி என்ன சொல்றாங்க?”

“உங்களைப் பத்தி அவங்களுக்கு எதுவும் தெரியாது. புருஷன் பசையைத் தப்பாக் கலந்துட்டாரோன்னு அவங்க நினைக்கறாங்க. அவங்க இரும்பைத் தேய்க்க மறந்துட்டாங்களோன்னு அவர் நினைக்கறார். மூணு நாளா அந்த வீட்ல பேச்சு வார்த்தை இல்ல.”

அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. வந்த வேகத்திலேயே துடைத்துக்கொண்டாள். கிண்ணத்தை வைத்தாள். சுவரில் மாட்டியிருந்த சாவிக் கொத்தை எடுத்தாள்.

“வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம். முதல்ல வாத்தியார்கிட்ட சொல்றேன். அவங்களையும் அங்கயே வரச் சொல்லுங்க.”

“இப்பவேவா?” என்றார் டாக்டர்.

“நாளைக்குன்னா மறுபடி வாயை மூடிக்குவேன்.”

நால்வரும் படி இறங்கப் போன பிறகுதான், கொழுந்தனின் வாயில் அச்சு இன்னும் இருப்பது டாக்டருக்கு ஞாபகம் வந்தது. அது சிமென்ட்டாக இறுகியிருந்தது. பிடுங்கும்போது எழுந்த சத்தத்தில் மீன் தொட்டியின் மீன்கள் ஒரு மூலைக்கு ஓடின.

“கேஸைக் கண்டுபிடிச்சது நான்” என்பதுதான் அவன் முதல் வார்த்தை.

●

பூகோள வாத்தியார் ஒரு காலை உயரத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தார். டாக்டரின் மனைவி ஒன்று விடாமல் சொன்னாள். சோபா, வட்டு, மாவு, எல்லாம். டாக்டர் பத்துச் சுற்றைச் சொன்னார். கம்பியக்காவும் கணவரும் கட்டிலின் இரண்டு பக்கம் நின்று கேட்டார்கள்.

வாத்தியார் கதவைப் பார்த்தார்.

“கதவைச் சாத்துங்க” என்றார். சாத்தினார்கள். “என் வீட்டுக்காரி வெளியதானே இருக்கா?”

“கான்டீனுக்குப் போயிருக்காங்க.”

“நடுவருக்குக் கூடாரம் போட்டிருந்தாங்க. நான் கூடாரத்துல இருந்திருந்தா விமானம் என்மேல எப்படி விழும்? மூணு நாளா ஒருத்தரும் இதைக் கேக்கலை.”

“நான் கேக்கறதா இருந்தேன்” என்றாள் அண்ணி. “செயலாளர் காட்டின மைதானத்துப் படத்துல நீங்க விழுந்த இடம் எல்லைக் கயித்துக்கு அந்தப் பக்கம் முப்பது அடி.”

வாத்தியார் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். “அங்க ஒரு புதர் இருக்கு. எனக்குச் சர்க்கரை. ரெண்டு மணி நேரமா அடக்கிட்டிருந்தேன். வீட்ல, கடமையைச் செய்யும்போது அடிபட்டேன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

கொழுந்தன் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். அவன் தோள் குலுங்கியது.

“புகார்லாம் வேண்டாம்” என்றார் வாத்தியார். “புதர் மட்டும் இந்த ரூமைத் தாண்டக் கூடாது.”

டாக்டரின் மனைவி கம்பியக்காவின் முன்னால் போய் நின்றாள். அறை விழும் என்று டாக்டரும், கண்டிப்பாக விழும் என்று கொழுந்தனும் எதிர்பார்த்தார்கள்.

கம்பியக்கா செயலாளரின் பட்டன் டப்பாவை அண்ணியிடமிருந்து வாங்கினாள். செயலாளர் எப்படி அதைக் கொடுத்தார் என்பது அவருக்கும் அண்ணிக்கும், அண்ணி அப்போது புகழ்ந்த அந்த மாப்பிள்ளைக் கோட்டுக்கும் மட்டுமே தெரியும். குழாயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கட்டைவிரலை வெட்டு முகத்தில் வட்டமாக ஓட்டினாள். இன்னொரு முறை ஓட்டினாள்.

“எதை வச்சு வெட்டினீங்க?”

“வைர வட்டு. பல் ராவறது.”

“ஒரு பிசிறு இல்ல.” கம்பியக்காவுக்கு எரிச்சலும் வியப்பும் ஒன்றாக வந்தன. “பத்து வருஷமா அறுக்கறேன். எனக்கு இப்படி வந்ததே இல்ல. தண்ணி விட்டா வெட்டினீங்க?”

“இல்லக்கா. சும்மாத்தான்.”

“அதான் அரிச்சிருக்கு. தண்ணி விடணும்.” குழாயைத் திரும்பப் பஞ்சில் வைத்தாள். “வெள்ளிக்கிழமை நீங்களே எழுந்து சொல்லணும். முதல் வரிசையில உட்கார்ந்திருப்பேன். நானும் இவரும்.”

சொல்லிவிட்டுத்தான் அவள் கணவரைப் பார்த்தாள். அவர் கட்டிலைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தார்.

“காய்ச்சலோட நீ தேய்ச்சதுல ஒண்ணுகூடக் கழலலை” என்றார்.

“போன் பேசிக்கிட்டே கலந்தாலும் சரியாத்தான் கலந்திருக்கீங்க. அதுக்காக இனிமே பேசிக்கிட்டே கலக்கலாம்னு அர்த்தமில்ல.”

“யார் பேசினாங்க? போன் பண்ணினது உன் அண்ணன்!”

“என் அண்ணனை இதுல எதுக்கு இழுக்கறீங்க?”

அண்ணி கொழுந்தனின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். நீளமான தாழ்வாரத்தின் கோடிவரைக்கும் அந்தச் சண்டை தெளிவாகக் கேட்டது. வழியில் எதிர்ப்பட்ட நர்ஸ் ஒருத்தி பதறி, “என்னங்க உள்ள, யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?” என்று கேட்டாள்.

“சரியாயிடுச்சு” என்றாள் அண்ணி.